கோட்டைப் படிகளைப் பின்பக்கமாக இறங்கினேன்

1

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடங்களில் நானும் விமலாவும் சேர்ந்து விமானம் ஏறியதெல்லாம் அருப்புக்கோட்டைக்கு வருவதற்காகத்தான். ஒவ்வொரு முறையும் யாருக்காவது கல்யாணம், இல்லையென்றால் சாவு. சுற்றிப் பார்ப்பதற்கென்றே இருவரும் பெட்டி கட்டியது இந்த ஜூன் மாதம்தான். திருமண நாளை ஜப்பானில் கொண்டாடலாம், வாருங்கள் என்று மகள் தர்ஷினி அழைத்திருந்தாள்.

தர்ஷினி பினாங்கில் பிறந்தவள். ஜார்ஜ்டவுனில் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தாள். பத்தொன்பது வயதில் அரசாங்க உதவித்தொகை கிடைத்து ஜப்பானுக்குப் பொறியியல் படிக்கப் போனாள். படிப்பு முடிந்ததும் மட்சுயாமா என்ற நகரத்தில், தண்ணீர்ப் பம்புகள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று வருடம் அனுபவம் எடுத்துக்கொண்டு பினாங்குக்கே திரும்பி வந்துவிடுவதாகப் பேச்சு. அந்த மூன்று வருடம் இந்த டிசம்பரோடு முடிகிறது.

விமலாவுக்கு மலேசியக் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட். அவளுக்கு விசாவே வேண்டாம். நான் பினாங்குக்கு வந்து முப்பது வருடமாகிறது. உள்ளூர்ப் பெண்ணைக் கட்டியவன் என்ற முறையில் வருடா வருடம் குடிநுழைவு அலுவலகத்தில் நின்று நின்று, கடைசியில் நிரந்தரவாசி அட்டையும் வாங்கிவிட்டேன். ஆனால் கடப்பிதழ் மட்டும் இன்றுவரை நீல நிறத்து இந்தியக் கடப்பிதழ்தான். அதனால் எனக்கு விசா வேண்டும். விசாவுக்கு ஜப்பானில் இருக்கும் ஒருவர் உத்தரவாதம் தர வேண்டும். இந்த ஆள் குறித்த காலத்துக்குள் தன் நாட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார் என்று என் மகள் எனக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பாரத்தை நிரப்பும்போது அவள் போன் செய்து, நான் திரும்பிப் போகும் நாடு எது என்று கேட்டாள். பினாங்கு என்று போடச் சொன்னேன்.

"பினாங்கு நாடு இல்லப்பா."

எனக்கு அது ஞாபகம் இல்லை.

2

எங்களுக்குக் கிடைத்த நான்கு நாளில் தர்ஷினிக்கு விடுமுறை சனிக்கிழமை மட்டும்தான். அந்தச் சனிக்கிழமை விடியும்போதே மழை. நம் பக்கம் பெய்வதுபோல இடி முழக்கத்தோடு வந்து அரை மணி நேரத்தில் போகிற மழை இல்லை. சத்தமே இல்லாமல், யாரோ வேலை நேரம் போட்டுக்கொடுத்த மாதிரி, ஒரே சீராக இறங்குகிற மழை. ஜூன் மாதம் முழுக்க இப்படித்தான் என்றாள் மகள். வெந்நீர் ஊற்றுக் குளியல் இருக்கிறது, கூரை போட்ட கடைத்தெரு இருக்கிறது, கோட்டையை வேறொரு தடவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாள்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. அருப்புக்கோட்டைக்காரனுக்கு மழைக்காக ஒரு நாளைத் தள்ளிப்போடத் தெரியாது. எங்கள் ஊரில் மழை வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்று பார்ப்போம். தவிர, நகரத்தின் நடுவே தனிக் குன்று, அதன் உச்சியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கோட்டை. அவள் வீட்டு ஜன்னலில் இருந்து மூன்று நாளாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊரின் பெயரிலேயே கோட்டை இருந்தும் நிஜக் கோட்டை எதிலும் நான் ஏறியதில்லை.

"என்னா மழ லா இது," என்று விமலா ஒரு தடவை சொன்னாள். அப்புறம் பஞ்சாபி சூட்டின் காலை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் வாசலில் நின்றாள்.

எதிரே வருகிறவர் முகம் தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் குடை மூன்று வாங்கினோம். டிராமில் போய் இறங்கி, குன்றின் அடிவாரத்துக்கு நடந்தோம். மேலே போக இரண்டு வழி. ஒன்று, இருபது முப்பது பேர் நிற்கிற கம்பிவடப் பெட்டி. இன்னொன்று, ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து போகிற நாற்காலி. ஒன்றன்பின் ஒன்றாக நனைந்த நாற்காலிகள் ஆளில்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தன. விமலாவுக்கு நாற்காலியில்தான் போக வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் இந்த மழையில் வேண்டாம் என்று நான் அவளைப் பெட்டிக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

3

பெட்டியை விட்டு இறங்கிய பிறகும் கொஞ்ச தூரம் ஏற வேண்டும். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கல் மதில்கள். சுண்ணாம்பு இல்லாமல் கல்லோடு கல் அணைந்து, மேலே போகப் போக வளைந்து நிற்கின்றன. ஒரு வாசல் கடந்தால் வழி திரும்புகிறது. திரும்பினால் இன்னொரு வாசல். எதிரி வழி தவற வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்களாம். தர்ஷினி சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் இங்கே எத்தனையாவது தடவை வருகிறாள் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடிக்கொண்டே மேலே வந்து, ஓடிக்கொண்டே இறங்குவாளாம்.

அவள் பேச்சை நான் இரண்டு நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். பினாங்கில் இருந்தபோது எதற்கெடுத்தாலும் அவள் அம்மாவைப் போல 'லா' போடுவாள். 'போலாம் லா', 'வேணாம் லா.' இப்போது 'லா' போய் 'நே' வந்திருக்கிறது. 'மழ ஜாஸ்தி நே' என்கிறாள். ஜப்பான்காரர்கள் வாக்கியத்தின் கடைசியில் சேர்க்கிற ஒட்டு அது. சொல்வது அவளுக்கே தெரியவில்லை.

இதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் பினாங்குக்கு வந்த புதிதில் விமலாவின் அம்மா ஒருநாள் காலை என்னைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். நான் பட்டினி கிடப்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப்போனேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதைப் பினாங்கில் அப்படித்தான் கேட்பார்கள். இன்றைக்கு நான் ஊருக்கு வந்தால், காரைக் காடி என்றும் ரூபாயை வெள்ளி என்றும் சொல்லி என் தங்கை பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறேன்.

மதிலோரம் நின்று கீழே பார்த்தோம். அங்கிருந்து கடல் தெரியும் என்று பலகையில் படம் போட்டிருந்தது. எங்களுக்கு வெள்ளையாகப் பனிமூட்டம்தான் தெரிந்தது. படத்தில் இருந்த கடலையே பார்த்துக்கொண்டோம்.

விமலா எங்களுக்கு முப்பது அடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். தைப்பூசத்துக்குப் பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூறு படியையும் ஏறுகிறவள். அவளுக்கு இந்தக் கோட்டை ஒரு பொருட்டே இல்லை. ஏர்கான், உங்கள் பேச்சில் ஏசி, மாட்டுகிற வேலைக்காகத் தினமும் ஏணியில் ஏறுகிற நான்தான் மூச்சு வாங்கினேன்.

4

கோட்டையின் நடுமாளிகை மூன்று தட்டு, முழுக்க மரம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குடையை வைத்துவிட்டு உள்ளே போனோம். மழை நாள் என்பதால் கூட்டமே இல்லை. கவசங்கள், வாள்கள், பழைய கடிதச் சுருள்கள் எல்லாவற்றையும் பார்த்தோம். தட்டுக்குத் தட்டு போகிற படிக்கட்டு மட்டும் படிக்கட்டே இல்லை. அதை ஏணி என்றுதான் சொல்ல வேண்டும். செங்குத்து. ஒவ்வொரு படியும் என் முழங்கால் உயரம். எத்தனையோ ஆயிரம் பாதங்கள் பட்டு மரம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மேல் தட்டில் நான்கு பக்கமும் ஜன்னல், நான்கு பக்கமும் பனிமூட்டம். கொஞ்ச நேரம் மரத்தரையில் உட்கார்ந்திருந்தோம். மழைச் சத்தம் கூரையில் நன்றாகக் கேட்டது. இருபத்தெட்டு வருடத்துக்கு இது நல்ல இடம்தான் என்றாள் விமலா. எனக்கும் மனம் நிறைவாக இருந்தது.

இறங்கும்போதுதான் வினை. விமலா விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள். நான் முதல் படியில் காலை வைத்துக் கீழே பார்த்தேன். இன்னொரு காலை எடுத்து வைக்க முடியவில்லை, முதல் காலைத் திருப்பி எடுக்கவும் முடியவில்லை. ஜார்ஜ்டவுனில் மூன்றாவது மாடிக்கு வெளியே தொங்கிக்கொண்டு ஏர்கான் மாட்டியவன் நான். காலுறை போட்ட காலும் தேய்ந்த மரமும் சேர்ந்து என்னைச் சிறு பிள்ளையாக்கிவிட்டன.

படிக்கு மேலே நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோட்டைப் பணியாளர் அம்மாள் எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும். ஏதோ சொன்னார். பின்பக்கமாகத் திரும்பி, படியைப் பார்த்தபடி இறங்கச் சொல்வதாகத் தர்ஷினி மொழிபெயர்த்தாள். திரும்பினேன். இரண்டு கையாலும் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தர்ஷினி எனக்குக் கீழே இறங்கி நின்று, என் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தாள்.

"இந்தக் கால். இன்னும் கீழ. ஆ, அங்கதான்."

நான்கு படி அப்படி இறங்கினோம். ஐந்தாவதில் அவள் காலைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

கீழே போய்ச் சொல்லலாம் என்றேன்.

"கீழ போனா நீங்க கைய ஆட்டிட்டு வேற பேச்சுக்குப் போயிருவீங்க. இப்ப ரெண்டு கையும் கம்பியில இருக்கு."

அது உண்மைதான். பிடிக்காத பேச்சு வந்தால் ஈ விரட்டுவதுபோல நான் கையை ஆட்டிவிடுவேன். என் முகத்துக்கு முன்னால் ஒரு மரப்படி. அதில் ஒரு ஆணித் தலை. அதைப் பார்த்துக்கொண்டு, சொல் என்றேன்.

"ஜனவரிக்கு நான் வரலப்பா. அதுக்கு அடுத்த வருசமும் வரல. எனக்கு இங்கதான் இருக்கணும்."

மழைச் சத்தம் அப்படியே இருந்தது. மேலே அந்த அம்மாள் எங்களைப் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தமிழ் தெரியாவிட்டாலும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஜனவரி என்பது என் ஏற்பாடு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நான் முன்பு வேலை பார்த்தபோது என்னோடு இருந்தவன் சேகர். என்னைவிட இளையவன், இப்போது அங்கே மேலாளர். அவனிடம் சொல்லித் தர்ஷினிக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தேன். வீட்டில் மாடி அறைக்கு வண்ணம் அடித்து, புது ஏர்கானும் மாட்டிவிட்டேன். தெருவில் பாதிப் பேருக்கு இந்த விஷயம் தெரியும்.

ஒரு கால் அந்தரத்தில் இருந்தது.

"அடுத்த படி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் என் காலை எடுத்துப் படியில் வைத்தாள்.

5

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் விமலாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

டிப்ளமா முடித்ததும் எல்லோரையும் போல நானும் விருதுநகருக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தேன். நான்கு வருடம் கழித்துப் பினாங்குக்கு இயந்திரப் பழுது பார்க்கும் வேலை கிடைத்து வந்தேன். இரண்டு வருட ஒப்பந்தம். முடிந்ததும் வந்துவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார்.

இரண்டு வருடம் முடிவதற்குள் விமலாவைப் பார்த்தேன், கல்யாணம் ஆனது. இனி இதுதான் என் ஊர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் அதை நான் சொல்லவில்லை. போனில் கேட்கும்போதெல்லாம் அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் என்பேன். பாப்பா கொஞ்சம் வளரட்டும் என்பேன். பெர்மிட் விஷயம் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பேன். பொய் என்று எதையும் சொன்னதில்லை. வர மாட்டேன் என்றும் சொன்னதில்லை.

பதிவு செய்ததை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா அதைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். நான் கிளம்பி மூன்றாம் வருடம், ஆறாம் வருடம், தர்ஷினி பள்ளிக்கூடம் போன வருடம், அவள் ஆறாம் வகுப்பு முடித்த வருடம். அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று முத்திரை வாங்கி வருவார். எப்போது அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது, வந்தால் விட்டுவிடக் கூடாது என்பார். எனக்கு நாற்பது வயது தாண்டிய பிறகும் போனார். அவர் காலமாகி எட்டு வருடமாகிறது. அட்டை தங்கையிடம் இருக்கிறது. ஏழு முத்திரை.

வேண்டாம் அப்பா, நான் வர மாட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் அவருக்கு அந்த அலைச்சல் இருந்திருக்காது. அவர் அழுதுவிடுவாரோ என்று பயம். அதைவிட, அழாமல் சரி என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

என் மகள் நான் இருபது வருடம் சொல்லாததை ஐந்தாவது படியில் நின்று சொல்லிவிட்டாள்.

6

மாளிகைக்கு வெளியே ஒரு சிறிய கடையின் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். இந்த ஊர் ஆரஞ்சுக்குப் பேர் போனது. மூன்று குவளை ஆரஞ்சுச் சாறு வாங்கி வந்தாள் தர்ஷினி. எங்கள் முகத்தைப் பார்த்ததும் விமலா விஷயத்தைத் தெரிந்துகொண்டாள்.

"சொல்லிட்டியா?" என்று மகளைக் கேட்டாள்.

முன்னாலேயே உனக்குத் தெரியுமா என்று நான் கேட்டேன். யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரியும் என்றாள். "அவ இங்க நடக்கிற நடையப் பார்த்தீங்களா? நம்ம தெருவுல கூட அவ அப்படி நடந்து நான் பார்த்ததில்ல."

எனக்கு அப்போது வாயில் வந்தது மாடி அறைதான். புது ஏர்கான், வண்ணம், ஜன்னலுக்கு மாற்றிய கண்ணாடி. வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முடித்ததும் விமலா, அந்த அறையில் மழைக்காலத்தில் துணி காயப்போடலாம் என்றாள். தர்ஷினி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். விமலா எழுந்து மதிலோரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். குடையை அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை.

இங்கே உனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று மகளிடம் கேட்டேன். ஏழு வருடமாக, சாப்பாடு எப்படி, குளிர் எப்படி, சம்பளம் வந்ததா என்று கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். பம்பு சோதனை செய்யும் அறையில் அவள்தான் பொறுப்பு. ஒரு சத்தம் சரியில்லை என்று அவள் கையைத் தூக்கினால், அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து கேட்பார்களாம். சத்தத்தை வைத்தே எங்கே பழுது என்று சொல்வது யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று ஒருவர் கேட்டாராம். அப்பாவோடு வேலைக்குப் போகும்போது என்று சொன்னாளாம். பள்ளி விடுமுறையில் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வருவாள். நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவளாகக் கேட்டுக்கொண்டது.

திரும்பி வந்த விமலா, பையன் யாராவது இருக்கிறானா என்று நேராகவே கேட்டாள். இல்லை, இருந்தால் அதைப் படியில் நிறுத்திச் சொல்ல மாட்டேன் என்றாள் மகள்.

பிறகு நான் அப்பாவின் அட்டையைப் பற்றி இருவரிடமும் சொன்னேன். மேலே உங்களுக்குச் சொன்னதை எல்லாம் சொன்னேன். தர்ஷினிக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது.

"தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும்பா," என்றாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "தெரிஞ்சுதான் போயிருப்பாரு."

எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. இப்போதும் நிச்சயமில்லை. ஆனால் கேட்க இதமாக இருந்தது.

சேகரிடம் தானே பேசிக்கொள்வதாக அவள் சொன்னாள். நான் கேட்ட வேலை, நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. இறங்கும்போது மழை தூறலாகக் குறைந்திருந்தது. விமலா யாரையும் கேட்கவில்லை. நேராக நாற்காலி வரிசையில் போய் நின்றாள். பணியாளர் துண்டால் நாற்காலியைத் துடைத்துக்கொடுத்தார். நான் அதற்குப் பின்னால் வந்த நாற்காலியில் ஏறினேன். மரங்களுக்கு நடுவே, கால் கீழே தொங்க, என் மனைவி எனக்கு முன்னால் தனியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்துக் கையை அசைத்தாள். கல்யாணத்தன்று எடுத்த எந்தப் படத்திலும் அவள் முகம் அவ்வளவு தெளிவாக இல்லை.

7

பினாங்குக்குத் திரும்பி ஒரு வாரம் சேகரிடம் பேசவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஞாயிறு காலை லெபோ பாசார் தெருவில் உள்ள ஒட்டுக்கடைக்கு, சுவரோரத் தேநீர்க் கடைக்கு, அவனை வரச் சொன்னேன். அவன் எனக்கு முன்னாலேயே வந்து தேநீர் சொல்லி வைத்திருந்தான்.

ஜப்பான் எப்படி என்று கேட்டான். மழை என்றேன். பிறகு கையை மேசை மேல் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். உன் பெயரைக் கெடுத்துவிட்டேன், மேலிடத்தில் என்ன சொல்வாயோ என்றேன்.

அவன் முகம் மாறவே இல்லை.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே தர்ஷினி எனக்கு எழுதிட்டாண்ணே. அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீங்க சொல்லிறாதீங்கன்னு கேட்டுக்கிட்டா. அதான் நான் வாயத் தொறக்கல."

அந்த வேலைக்கு ஆள் எடுத்தாயிற்றாம். புக்கிட் மெர்தாஜாம் பெண்ணாம், கெட்டிக்காரியாம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு மாதம் இவன் என்னோடு இதே கடையில் உட்கார்ந்து, மாடி அறைக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாளா என்று, கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டேன். இல்லை என்று சொல்லிக் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினான்.

தமிழில் எழுதியிருந்தாள். ஆறாம் வகுப்போடு விட்ட தமிழ். 'நன்றி'யில் மூன்று சுழி போட்டிருந்தாள். மாமா செய்த உதவியை மறக்க மாட்டேன் என்றும், அந்த வேலையை அது தேவைப்படுகிற யாருக்காவது கொடுங்கள் என்றும் எழுதியிருந்தாள். கடைசியில் இப்படி இருந்தது:

'அப்பாவிடம் நேரில் சொல்வேன். அவர் வருத்தப்படுவார். ஆனால் அவரிடம் சொல்ல எனக்குப் பயம் இல்லை.'

அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். சேகர் தேநீரை ஆற்றிக்கொண்டே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதை எனக்கு அனுப்பு என்றேன். அனுப்பினான். வீட்டுக்குப் போய், சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த விமலாவை உட்கார வைத்து, எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் முழுக்கப் படித்துக் காட்டினேன்.